அரைக்கதவு

சென்னையில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு நீளமான அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. பெட்டியின்மேல் தவழ்கிற குழந்தையின் படம். அதை வாங்கி வைத்திருந்த காவலாளி என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக, "பேரனா, பேத்தியாம்மா?" என்றார். "நாய் அண்ணே" என்றாள் மகள். மனிதர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. லிஃப்ட் வரும்வரை எங்களுக்குப் பின்னால் இருந்த சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெட்டிக்குள் இருந்தது இடுப்பு உயரத்துக்கு ஒரு கம்பிக் கதவு. கைக்குழந்தை அடுப்படிக்குள் நுழைந்துவிடாமல் நிலையில் மாட்டி வைப்பது. மகள் அதைக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே பொருத்தினாள். அவளிடம் ஏற்கெனவே இட்லி என்று ஒரு வெள்ளைப் பூனை. புதிதாக மிளகு என்று ஒரு கறுப்புத் தெருநாயைக் கூட்டி வந்திருந்தாள். (எங்கள் காலத்தில் நாய் என்றால் மணி. பூனைக்குப் பெயரே கிடையாது, அது பூனை, அவ்வளவுதான்.) கதவு 'டக்'கென்று சாத்திக்கொண்ட சத்தத்தில் எனக்கு ஆச்சி வீட்டு அரைக்கதவு ஞாபகம் வந்துவிட்டது.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். தாழ்வாரத்திலிருந்து அடுப்படிக்குப் போகிற நிலையில், பெரிய கதவு போக, பாதி உயரத்துக்கு ஒரு மரக்கதவும் இருந்தது. பகலெல்லாம் பெரிய கதவு திறந்தே கிடக்கும், அரைக்கதவு சாத்தியிருக்கும். காற்று வரும், வெளிச்சம் வரும், கோழியும் நாயும் வராது. பூனை மட்டும் ஒரு துள்ளலில் அதன்மேல் ஏறி, அரை நிமிஷம் நின்று, எந்தப் பக்கம் இறங்கலாம் என்று யோசித்துவிட்டு இறங்கும். அந்த வீட்டில் நாய்க்கான இடம் வாசலும் திண்ணையும் தொழுவமும். பூனைக்கு அடுப்படி, பரண், தட்டட்டி, தானியம் கொட்டி வைக்கிற குலுக்கைக்குப் பின்புறம். இரண்டும் ஒரே வீட்டில்தான் இருந்தன, ஆனால் ஒன்றின் வழியில் இன்னொன்று குறுக்கிட வேண்டிய அவசியமே இல்லை.

குலுக்கை நிறையக் கம்பு, மூலையில் பருத்தி விதை. எலிக்கு அதைவிட என்ன வேண்டும்? பூனை ஆச்சிக்கு வேலைக்காரி. நாய் மாமாவின் சொத்து. இருவரும் அவற்றிடம் பிரியமாகத்தான் இருந்தார்கள், இருந்தாலும் இன்று என் மகள் சொல்லுகிற மாதிரி 'வளர்ப்புப் பிள்ளை' என்றெல்லாம் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

மாமா ஒருநாள் துண்டில் சுற்றி ஒரு சிப்பிப்பாறைக் குட்டியைக் கொண்டுவந்தார். நாற்பது நாள் குட்டி. காலெல்லாம் நீளம், வயிறு ஒட்டி, மூக்கு கூராக இருந்தது. அறுவடை முடிந்து வெட்டவெளியாகக் கிடக்கும் கரிசலில் முயல் விரட்டுவதற்கென்றே அந்தக் காலத்தில் அந்த நாயை வளர்த்தார்கள். காட்டு விலங்குகளைக் காக்க 1972லேயே சட்டம் வந்துவிட்டது என்றாலும் எங்கள் ஊருக்கு அது வந்து சேர வெகுநாளாயிற்று. இப்போது யாரும் வேட்டைக்குப் போவதில்லை. சிப்பிப்பாறை மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடுகிற நாய். எது ஓடினாலும் துரத்தும், அது முயலா பூனையா என்று ஓடுகிற வேகத்தில் பார்த்துக்கொண்டிருக்காது. 2005ல் தபால் துறை நான்கு இந்திய நாய்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது ராஜபாளையத்துக்கு இடம் கிடைத்தது, சிப்பிப்பாறைக்குக் கிடைக்கவில்லை. மாமாவுக்கு இன்றுவரை அது ஆறாத வருத்தம்.

குட்டி வந்த நேரம், குலுக்கைக்குப் பின்னால் பூனை போட்ட குட்டிகள் கண் திறந்திருந்தன. ஆச்சிக்குக் கோபமான கோபம். "வேட்டை நாயக் கொண்டாந்து வீட்டுக்குள்ள விடுதியே, எங் குலுக்கைய நாளைக்கு நீ காவல் காப்பியால?" என்று மாமாவைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளே ஒரு கயிற்றை எடுத்துக் குட்டியைத் தாழ்வாரத்து உரலில் கட்டினாள். கயிறு அரைக்கதவுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிடும். இந்தப் பக்கம் குட்டிக்குக் கம்பங்கூழ், அந்தப் பக்கம் தாய்ப்பூனைக்குக் கருவாட்டுத் தலை. கதவின் இடுக்கு வழியாக ஒன்றின் வாசனை ஒன்றுக்குப் போகும். பூனை முதுகைத் தூக்கிக்கொண்டு சீறும், பிறகு கருவாட்டு ஞாபகம் வந்து தின்னத் தொடங்கும். குட்டி தன் கூழை நக்கி முடித்துவிட்டு இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு வாலாட்டும். வட்டில்கள் நாளாக நாளாகக் கதவை நெருங்கி வந்தன. பூனைக்குட்டிகள் தத்தித் தத்தி வெளியே வந்தபோது அந்த நாய்க்கு அவை புதிதாக இல்லை.

கல்லூரியில் விலங்கியல் படித்தபோதுதான் இதன் உள்விவரம் தெரிந்தது. நாய்க்குட்டிக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மாதம் வரை ஒரு பருவம். அப்போது எந்தெந்த உயிர்களோடு பழகுகிறதோ அவற்றையெல்லாம் தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். பூனைக்குட்டிக்கு அந்தப் பருவம் இன்னும் குறைவு, இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை. மாமா கொண்டுவந்த குட்டியும் குலுக்கைக்குப் பின்னால் பிறந்தவையும் சரியாக அந்தப் பருவத்தில் சந்தித்துக்கொண்டன. ஆச்சியின் கெட்டிக்காரத்தனம் பாதி, அதிர்ஷ்டம் பாதி. ஸிங்-யாங் குவோ என்ற சீன உளவியலாளர் 1930ல் வெளியிட்ட சோதனை ஒன்றையும் அப்போது படித்தோம். எலி பிடிக்கும் தாயோடு வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 எலியைக் கொன்றன. எலிகளோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3தான் கொன்றன, அவையும் தம்மோடு வளர்ந்த வகை எலியைத் தொடவில்லை. வகுப்பில் மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, நான் அந்தச் சிப்பிப்பாறைக் குட்டியை, எங்கள் மணியை, நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுப் பூனைகள் அவன் முதுகில் ஏறித் தூங்கும். பக்கத்து வீட்டுப் பூனை சந்து முனையில் வாலைக் காட்டிவிட்டால் போதும், கயிற்றை அறுத்துக்கொண்டு பாய்வான்.

தெருப்பிள்ளைகளுக்கு இது ஒரு வேடிக்கை. மணி திண்ணையில் படுத்திருக்கும்போது பூனை குறுக்கே போனால், "ச்சூ... ச்சூ..." என்று ஏவிவிட்டுப் பார்ப்பார்கள். ஆச்சி எங்கிருந்தாலும் அந்தச் சத்தம் அவள் காதில் விழுந்துவிடும். "எவம்ல சூக் காட்டுனது?" என்று விளக்குமாற்றோடு வந்து நிற்பாள். நாயை அவள் ஒருநாளும் அடித்ததில்லை. அடியெல்லாம் எங்களுக்குத்தான்.

மாமாவின் பாடம் வேறு மாதிரி. குரைக்கிற நாயைப் பற்றி அவர் கவலைப்பட மாட்டார். "குரைச்சிட்டு குதிக்கான்னா வெளையாட்டு. வாய மூடிக்கிட்டு, ஒடம்ப வெறைச்சுக்கிட்டு, கண்ணெடுக்காமப் பாக்கான்னா ஓடிப்போய் கழுத்தப் பிடி" என்பார். முயல் வேட்டையில் கற்றது. மகள் வீட்டுக்கு ஒரு நாய்ப் பயிற்சியாளர் வந்தார். வயது முப்பது இருக்கும், காதில் கடுக்கன். மிளகு இட்லியைப் பார்க்கும்போது என்னென்ன கவனிக்க வேண்டும் என்று அவர் சொன்னது அத்தனையும் மாமா சொன்னதுதான். ஒரே வித்தியாசம், அவர் அதற்குக் கட்டணம் வாங்கினார். கொடுத்தது தகும் என்றே சொல்வேன். மாமாவுக்குத் தெரிந்தது அபாயத்தைக் கண்டுபிடிப்பது வரைதான். அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது இந்தப் பிள்ளைக்குத்தான் தெரிந்திருந்தது.

மிளகு குட்டியாக வரவில்லை. தெருவில் வளர்ந்து, ஒரு காதின் நுனி வெட்டப்பட்ட நாய். கருத்தடை செய்ததற்கு அடையாளம் அது. சென்னை ப்ளூ கிராஸ் 1964ல் தெருநாய்களுக்கு இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது என்று மகள் சொன்னாள். எங்கள் ஊரில் அந்த வருஷங்களில் அதிகப்படியான குட்டிகளுக்கு இருந்த ஒரே ஏற்பாடு சாக்குப்பைதான். பூனைக்குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கட்டி, சைக்கிளில் கொண்டுபோய் நாலு ஊர் தள்ளி விட்டுவிட்டு வருவார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை. அரைக்கதவைச் சொன்னால் சாக்கையும் சொல்ல வேண்டும்.

முதல் சில நாட்கள் மிளகு படுக்கையறையிலேயே இருந்தான். இட்லிக்கு அவன் கண்ணில் படவில்லை, கதவுக்கு அடியில் வாசனையாக மட்டும் வந்தான். மகள் அவன் படுத்த துண்டை எடுத்துவந்து கூடத்தில் போட்டாள், இட்லி படுத்த துணியை அவனிடம் போட்டாள். பிறகு மூடிய கதவுக்கு இருபுறமும் சாப்பாட்டுத் தட்டு. பிறகு அந்தக் கம்பிக் கதவு. பிறகு கழுத்துவாரோடு அவன் கூடத்துக்கு வந்தான். இட்லியை அவன் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி மகளைப் பார்க்க வேண்டும், அந்த நொடியில் ஒரு துண்டு கோழிக்கறி. பூனையைப் பார்க்கக் கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால் லாபம் என்று மட்டும் அவனுக்குப் புரியவைத்தார்கள். நான் ஊருக்குத் திரும்பி, மறுபடி வந்தபோதும் இது நடந்துகொண்டிருந்தது. ஆச்சிக்கு இவ்வளவு பொறுமை இருந்திருக்குமா தெரியவில்லை. அவளுக்கு வீடு உதவியது. என் மகளுக்கு இருப்பது ஒரு கூடமும் இரண்டு அறைகளும்.

அதனால் சுவரில் வீடு கட்டினார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒன்றுக்குமேல் ஒன்றாகப் பலகைகள், கடைசிப் பலகையிலிருந்து அடுப்படி லாஃப்ட்டுக்கு ஒரு தாவல். தச்சர் அளவெடுக்கும்போது, "புக்கு வைக்கவா மேடம்?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் ஆர்வமாகிவிட்டார், ஓரத்தில் வழுக்காமல் இருக்கச் சணல் கயிறு சுற்றித் தருவதாக அவரே யோசனை சொன்னார். பலகைகள் வந்த பிறகு இட்லியின் போக்கே மாறிவிட்டது. அதற்கு முன் நாயின் நகச் சத்தம் கேட்டாலே சோஃபாவுக்கடியில் போய்விடும், ஓடும், ஓடுவதைப் பார்த்து மிளகு துரத்தப் பார்ப்பான். எப்போது வேண்டுமானாலும் மேலே போய்விடலாம் என்று ஆனதும் அது ஓடுவதை நிறுத்திவிட்டது. ஓடாத பூனையைத் துரத்துவது எப்படி என்று மிளகுக்குத் தெரியவில்லை.

மகள் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் நாயும் பூனையும் சேர்ந்து வாழும் வீடுகளை ஆராய்ந்து 2008ல் வெளியிட்டது. மூன்றில் இரண்டு பங்கு வீடுகளில் அவை நன்றாகவே பழகினவாம். பூனை முதலில் வந்து நாய் பிறகு வந்தால் நல்லது, பூனை ஆறு மாதத்துக்குள், நாய் ஒரு வயதுக்குள் சந்தித்தால் இன்னும் நல்லது. எனக்குப் பிடித்தது வேறொன்று. நாயின் பாஷையும் பூனையின் பாஷையும் பல இடங்களில் நேர்மாறானவை. வாலை இப்படியும் அப்படியும் அடித்தால் நாய்க்குச் சந்தோஷம், பூனைக்கு எரிச்சல். மல்லாந்து படுத்தால் நாய் பணிந்துவிட்டது என்று பொருள், பூனையோ நாலு கால் நகத்தையும் தயாராக வைத்திருக்கிறது. அப்படியிருந்தும், சேர்ந்து வாழ்கிற நாயும் பூனையும் பெரும்பாலும் எதிராளியின் பாஷையைச் சரியாகவே புரிந்துகொண்டனவாம். சிறு வயதில் சந்தித்தவை இன்னும் நன்றாக. மிளகு முன்னங்காலை நீட்டிப் பின்புறத்தைத் தூக்கி விளையாடக் கூப்பிடும்போது இட்லி பதுங்கிச் சீறியதை நானே பார்த்திருக்கிறேன். இப்போது அதே கும்பிடுக்குக் கொட்டாவி விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கிறது.

கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை நானும் உடன் போனேன். மிளகுக்கு உண்ணி. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல பூனை இருக்கா?" பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தை நாயின் பிடரியில் விட்டால் நாய்க்கு ஒன்றும் ஆகாது, அதோடு ஒட்டிப் படுக்கிற பூனைக்கு அது விஷம் என்றார். பூனையின் ஈரலால் அதை முறிக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு. எழுதிக்கொடுக்கும்போது, பூனை இருக்கிற வீட்டுக்கு ஒத்த மருந்தாகப் பார்த்து எழுதினார்.

என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நாய்க்கு உண்ணி வந்தால் பருத்திக்கு அடிக்க வாங்கிய பூச்சிமருந்துப் பொடியைத்தான் முதுகில் தேய்ப்பார்கள். அந்த வீட்டுப் பூனை அந்த நாயின் வயிற்றோடு சுருண்டு படுக்கும், எழுந்து தன் உடம்பை நக்கிக்கொள்ளும். ஒருநாள் அது வாசலில் கிடந்து வெட்டி வெட்டி இழுத்துச் செத்துப்போனது. பாம்பு தீண்டியிருக்கும் என்று முடிவு கட்டிப் புதைத்தார்கள். நாய்தான் கடித்திருக்கும் என்று சொன்னவர்களும் உண்டு. அந்த நாய் நாலைந்து நாள் புதைத்த இடத்திலேயே போய்ப் படுத்துக்கிடந்தது. பாம்புதானோ, பொடியோ, இனி யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒட்டிப் படுத்த அன்பே பூனைக்கு எமனாகியிருக்கும் என்று அன்றைக்கு எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை.

நாய்க்கடிக்கு மட்டும் ஊரே பயந்தது. வெறிநாய் புகுந்ததென்றால் தெருக்கதவெல்லாம் சாத்திக்கொள்ளும். கடி வாங்கியவர்களுக்குத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து, 1907ல் தொடங்கிய குன்னூர் பாஸ்டியர் நிலையத்தில் தயாரானது. மருந்து தாமதமானால் முடிந்தது கதை. பூனைக் கீறலையும் கடியையும் பற்றி அப்போது யாரும் நினைக்கவில்லை, அதிலும் அந்த நோய் வரும். இப்போது மிளகுக்கும் இட்லிக்கும் ஒரே நாளில் தடுப்பூசி, இரண்டு பேருக்கும் ஒரே கைப்பையில் அட்டை.

தீபாவளி சமயம் நான் அங்கே இருந்தேன். வெடிச் சத்தத்தில் மிளகு கட்டிலுக்கடியில் போய் முடங்கினான். அவனுக்குப் பின்னாலேயே இட்லியும் புகுந்தது. மகள் கைப்பேசியை எடுத்துக்கொண்டு படம் பிடிக்கக் குனிந்தாள், நானும் கண் கலங்கத் தயாராகிவிட்டேன். சினிமாவாக இருந்தால் அங்கே பாட்டு வந்திருக்கும். பக்கத்தில் ஒரு சரவெடி வெடித்தது. இட்லி பாய்ந்து மிளகின் மூக்கைக் கிழித்துவிட்டு, லாஃப்ட்டில் ஏறி மறுநாள் மதியம்வரை இறங்கவில்லை. பயந்த பூனை, பயமுறுத்தியது எதுவோ அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவர்மேல் பாயும் என்று பயிற்சியாளர் தொலைபேசியில் சொன்னார். கண்ணில் படாமல் போனது பெரிய விஷயம். பூனை நகம் கருவிழியைக் கிழித்து நாய்க்குப் பார்வை போன கதைகள் அவரிடம் இருந்தன. மகள் அன்றைக்கே நகவெட்டியோடு லாஃப்ட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மறுபடி துண்டு மாற்றுவதிலிருந்து ஆரம்பம். ஆனால் இந்த முறை சீக்கிரமே பழகிவிட்டன.

இன்றும் வீட்டில் ஆள் இல்லாதபோது இரண்டும் தனித்தனி அறையில்தான். இட்லியின் சாப்பாடு குளிர்சாதனப் பெட்டியின்மேல். பூனை உணவு நாய்க்கு அமிர்தம், எட்டினால் ஒரு பருக்கை மிஞ்சாது. நாய் உணவைப் பூனைக்குப் போட்டும் ஒப்பேற்ற முடியாது. டாரின் என்ற சத்து நாயின் உடம்பில் தானே உண்டாகும், பூனைக்கு அது இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். ஆச்சியின் பூனை பால்சோற்றிலும் கருவாட்டுத் தலையிலும் எப்படிப் பிழைத்தது என்று மகள் கேட்டாள். மிச்சத்துக்குக் குலுக்கை எலி இருந்தது.

போன மாதம் மாமா சென்னைக்குக் கண் காட்ட வந்தார். எண்பதைத் தாண்டிவிட்டார். கம்பிக் கதவைத் திறக்கத் தெரியாமல் தாண்டப் பார்த்தார், நாங்கள் பதறி ஓடினோம். கூடத்தில் உட்கார்ந்து மிளகை மேலும் கீழும் அளந்தார். "காலு கட்டை" என்றார். பிறகு பலகையில் கிடந்த இட்லியைக் காட்டி, "இது எலி பிடிக்குமா?" என்று மகளிடம் கேட்டார்.

"எட்டாவது மாடில எலி ஏது தாத்தா?"

"அப்ப இது எதுக்கு?"

"சும்மாதான் தாத்தா."

"நாய்?"

"அதுவும் சும்மாதான்."

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். "சும்மா இருக்கதுக்கா இத்தனை பலகை அடிச்சிருக்க?" என்று கேட்டுவிட்டு, மிளகைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவன் போய் அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டான். நாங்கள் காபி போட்டுக்கொண்டு வருவதற்குள் தட்டிலிருந்த வடையில் ஒன்றைக் காணோம். மகள் மாமாவின் கையைப் பார்த்தாள், மிளகின் வாயைப் பார்த்தாள். வெங்காயம் நாய்க்கும் ஆகாது, பூனைக்கும் ஆகாது, ரத்தத்தைக் கெடுக்கும் என்று அவருக்கு ஒரு முழு வகுப்பு எடுத்தாள். மாமா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் பண்ணினார். கண்ணுக்கு மருத்துவர் என்ன சொன்னார் என்பதையெல்லாம் பேசி முடித்துவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில், "தாயி, அது உளுந்த வடை, வெங்காயம் போடாதது. நான் பிச்சுப் பாத்துட்டுத்தான் போட்டேன். அவகிட்டச் சொல்லிரு" என்றார்.